பெரியமேட்டு ஷூ, 4-ஆம் நம்பர்: பார்க்கிங் வேலைக்கு ஆகுமா?

ஆகும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கார பாய் 1,100 ரூபாய் சொன்னார், 950-க்கு முடிந்தது. கறுப்புத் தோல், லேஸ் கட்டுகிற மாதிரி, அடியில் ரப்பர் சோல், ஓரம் சுற்றிலும் தையல். பிராண்டு கிடையாது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது வேண்டாம். கனமாக இருக்கும், பார்ப்பதற்கும் சுமார்தான். தெருவில் நின்று பிழைக்கிறவர்களுக்காக, அதிலும் என்னைப் போலப் பார்க்கிங் ஸ்லிப் போடுகிற பெண்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கால் அளவுக்கு வேலை ஷூ கிடைப்பதே பெரும்பாடு.

எனக்கு டூட்டி தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில். 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டுத் திறந்தார்களே, அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியாத வண்டியெல்லாம் பக்கத்துத் தெருக்களில்தான் இடம் தேடுகிறது. பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலைக்காக அடைத்தபோது அந்தக் கூட்டமும் எங்கள் தெருவுக்கு வந்தது. எங்களுக்கு வேலை கூடியது, ஆள் கூடவில்லை.

பார்க்கிங் வேலை என்றால் ஓர் ஓரமாக நின்று 'வா, வா, ரைட்டு' என்று கையாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். கையாட்டுவது கடைசி வேலை. வண்டி வந்து நின்றதும் நம்பரை ஸ்லிப் போடும் மெஷினில் அடிக்க வேண்டும். நம்பர் பிளேட் எங்கே இருக்கும்? பின்னால் இருக்கும், பம்பர் கம்பிக்கு அடியில், சேறு பூசிக்கொண்டு. குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு காருக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து வெளியே வர வேண்டும். அதற்குள் தெருவின் அந்த முனையில் இன்னொருவர் வண்டியை எடுப்பார். ஓட வேண்டும். அவர் போய்விட்டால் அந்தப் பணம் கலெக்‌ஷனில் ஷார்ட். இரு சக்கர வண்டி வரிசைக்குள் போனால் ஏதாவது ஒரு ஸ்டாண்டு காலில் இடிக்காமல் வெளியே வர முடியாது. இதை ஒரு ஷிஃப்ட் முழுக்கச் செய்து பாருங்கள், ராத்திரி வீட்டுக்கு வந்தால் கால் நம்முடைய கால் மாதிரியே இருக்காது.

வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கும் ஷூ கொடுத்தார்கள். ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று மற்ற பாயின்ட்டில் நிற்கும் பெண்களும் சொல்கிறார்கள். வந்த ஷூ எல்லாம் 7, 8, 9. ஆண்களுக்கென்று மொத்தமாக ஆர்டர் போட்டது. என் கால் 4. "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோம்மா" என்றார் சூப்பர்வைசர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்த பெட்டியில் இருந்ததைத்தான் அவர் கொடுத்தார். மேலே ரெக்ஸின், அடியில் பி.வி.சி. மே மாத வெயிலில் தார் ரோட்டில் நின்றால் பி.வி.சி. இளகிக் காலோடு பேச ஆரம்பிக்கும். மழை பெய்தால் வழவழப்பான கல் நடைபாதையில் வழுக்கும். தூரத்திலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு எல்லோர் காலும் கறுப்பாகத் தெரியும். அந்த ஷூ செய்தது அந்த ஒரு வேலையைத்தான்.

அதனால் பாதிப் பேர் செருப்பு போட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். நானும் கொஞ்ச காலம் செருப்போடு நின்றேன். காலுக்குச் சுகம்தான், காற்றோட்டமாக இருக்கும். ஆனால் இந்த வேலையில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். வண்டியிலிருந்து இறங்குகிறவர் முதலில் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடியை இறக்கியதும் பச்சை ஜாக்கெட் தெரியும், கையில் மெஷின் தெரியும், அடுத்து கண் நேராகக் காலுக்குப் போகும். செருப்பு என்றால் "ஏம்மா, இங்க யார் இன்சார்ஜ்?" ஷூ என்றால் "மேடம், எவ்வளவு நேரம் விடலாம்?" ஆள் அதே ஆள், ஜாக்கெட்டும் அதேதான். இதை முதலில் சொன்னது என்னோடு நிற்கும் ஒரு அக்கா. நான் நம்பவில்லை. பிறகு நானே பார்த்துவிட்டேன்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் எங்களுக்கு வேறு அதிகாரம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இது நிறைய பேருக்குத் தெரியாது, வேலைக்குச் சேர வருகிறவர்களுக்கும் தெரியாது. நான் ஸ்லிப் போடலாம், கட்டணம் வாங்கலாம், அவ்வளவுதான். அபராதம் போட முடியாது. வண்டியை இழுக்க முடியாது. சக்கரத்தில் பூட்டு போட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 127-ஆவது பிரிவு இருக்கிறது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை இழுக்கவோ பூட்டவோ சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிதான் உத்தரவு கொடுக்க வேண்டும். இழுத்த செலவும் அபராதமும் வண்டிக்காரர் தலையில். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத்தை ஏற்றினார்கள். அதுவரை 100 ரூபாய் என்று இருந்தது முதல் தடவைக்கு 500, மறுபடி மாட்டினால் 1,500 ஆனது. இதெல்லாம் போக்குவரத்துப் போலீஸ் கையில் இருக்கும் மெஷின். என் கையில் இருப்பது வேறு மெஷின். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், அந்தக் குழப்பம் சில நேரம் எனக்கு உதவியும் செய்யும்.

ஒரு நாள் சாயங்காலம், தீபாவளிக்கு முந்தைய வாரம். வெள்ளைக் கலர் பெரிய வண்டி ஒன்று ஒரு வீட்டின் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கேட்டில் 'நோ பார்க்கிங்' என்று பலகை தொங்குகிறது. உள்ளே ஒரு பெரியவர், டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர், கார் எடுக்க முடியாமல் நிற்கிறார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"அஞ்சு நிமிஷம்தாம்மா. வொய்ஃப் உள்ள போயிருக்காங்க."

"சார், பின்னாடி ஸ்லாட் காலி ஆயிருக்கு. அங்க போட்டுக்கங்க."

"யாரு நீ? போலீஸா?"

"போலீஸ் இல்ல சார். போலீஸுக்கு போன் பண்றவ."

அவர் என்னை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். ஷூவில் அன்று காலை போட்ட பாலிஷ் அப்படியே இருந்தது. ஒன்றும் பேசாமல் ரிவர்ஸ் எடுத்தார். ஷூவைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் செருப்போடு நின்ற காலத்தில் இதே வாக்கியத்தைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

சரி, கடைக்கு வருவோம்.

பெரியமேடு சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. தோலும் ஷூவும் மொத்த வியாபாரம் நடக்கிற இடம். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பேருந்தில் போனால் செலவே இல்லை, ஆனால் நேரம் எடுக்கும். மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு வேடிக்கை, அந்தக் கட்டடம் திறந்த வருடமும் 1913, மாநகராட்சிக்குப் புகார் சொல்லும் தொலைபேசி எண்ணும் 1913. எங்களைப் பற்றி வருகிற புகாரெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகிறது.

சைடன்ஹாம்ஸ் ரோடு என்று கேளுங்கள். ராஜா முத்தையா சாலை என்று மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பழைய பெயரைச் சொன்னால்தான் வழி சொல்கிறார்கள். அதிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் கடை. பெயரை நான் எழுதாததற்குக் காரணம், கடைக்கு மேலே இருக்கும் பலகை முன்பு அங்கே இருந்த டிராவல் பேக் கடையுடையது. பாய் அதை மாற்றவே இல்லை. "பேரு பாத்தா வர்றாங்க? சரக்கு பாத்துதான் வர்றாங்க" என்கிறார். அகலம் ஒரு ஆள் கையை விரித்தால் முடிந்துவிடும். தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டி. உட்கார ஒரு முக்காலி. ஏசி கிடையாது, கண்ணாடி கிடையாது. காலைப் பார்க்க வேண்டும் என்றால் வாசலில் நிற்கும் பைக்கின் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

"பாய், லேடீஸ் 4-ல டூட்டி ஷூ இருக்கா?"

"லேடீஸ்னு கேட்டா இல்லம்மா. 4 நம்பர்னு கேட்டா இருக்கு."

அப்புறம்தான் சூட்சுமத்தைச் சொன்னார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுக்குத் தைக்கிற ஷூவில் மிஞ்சுவதும் சின்னக் குறையோடு தள்ளுபடி ஆவதும் பெரியமேட்டுக்கு வரும். அதில் பையன்கள் அளவு என்று ஒரு ரகம். அங்கே பள்ளிக்கூடத்துப் பையன் போடுவது நம் ஊர்ப் பெண்ணின் காலுக்குச் சரியாக இருக்கும். பெண்கள் ஷூ என்று தனியாகத் தைத்தால் முன்பக்கம் ஒடுக்கி, குதிகாலை உயர்த்தி, சோலை மெல்லியதாக்கிவிடுவார்கள். பையன்கள் ஷூ அப்படி இல்லை. ஓடியாடத் தைத்தது. விரல் விரிய இடம் இருக்கிறது. கடைக்காரரிடம் 'லேடீஸ்' என்று கேட்காமல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

பாய் காட்டிய சோதனைகள் எல்லாம் எனக்கு இன்றைக்கும் உபயோகமாக இருக்கின்றன. முதலில் ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துக் காட்டினார். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வாங்காதே என்றார். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து மேல் தோலில் வைத்தார். தோல் என்றால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கறுக்கும், ரெக்ஸின் என்றால் முத்து மாதிரி நிற்கும். கடைசியாக இரண்டு ஷூவை எடுத்துத் தரையில் போட்டார். ஒன்று 'டக்' என்றது, பி.வி.சி. இன்னொன்று 'தொப்' என்றது, ரப்பர். "கண்ண மூடிக்கிட்டுகூட வாங்கலாம்மா" என்றார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி இன்னொரு தடவை போட்டும் காட்டினார். சரியாகச் சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

லேசாக இருக்கிறதே என்று பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற ஒரு வகை பிளாஸ்டிக்) சோல் போட்ட ஒன்றைக் கையில் எடுத்தேன். அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பி.யூ. ஆகாதாம். போடாமல் வைத்திருந்தாலும் சில வருடத்தில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய்ப் பொடியாக உதிருமாம். "கல்யாண ஷூ எடுத்துட்டு வருவாங்க பாருங்க. பரண்ல பத்திரமா வெச்சிருந்தேன் பாய், போட்டு நாலு அடி நடந்தேன், சோல் வாசல்ல நிக்குது, நான் ஹால்ல நிக்கிறேன்னு." எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கல்யாண ஷூ போனது, அதனால் சிரித்துக்கொண்டே நம்பினேன். ஈ.வி.ஏ. என்று பஞ்சு மாதிரி இன்னொரு சோல். போட்டதும் சொர்க்கம். ஆனால் ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்குக் குதிகால் பக்கம் அமுங்கி அமுங்கி அப்படியே தங்கிவிடும், நடக்கிறவர்களுக்குப் பரவாயில்லை என்றார். தன் கடையில் விலை அதிகமாக இருந்த சரக்கை அவரே வேண்டாம் என்று சொன்னதால்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்.

கடையின் குறை என்றால், பில் கிடையாது. வாங்கினால் திருப்பி எடுக்க மாட்டார், அளவு மாற்றித் தருவார், அதுவும் வெளியே போட்டு நடக்காமல் இருந்தால். அளவு இருக்கிற அன்றைக்கு இருக்கும், இல்லாத அன்றைக்கு இல்லை. மிச்ச சரக்கு வியாபாரம் அப்படித்தான். என்னோடு நிற்கும் அக்காவுக்கு 5 வேண்டும், பல நாள் காத்திருந்துதான் கிடைத்தது.

இனி ஷூ. முதல் வாரம் கடிக்கும். குதிகாலுக்கு மேலே நரம்பு இருக்கும் இடத்தில் தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவி உள்பக்கத்தை விரலால் நீவி விட்டால் பழகும். அதுவரை பருத்தி சாக்ஸ் கட்டாயம். அக்னி நட்சத்திரத்தில் ரப்பர் இளகவில்லை, தார் ஒட்டவில்லை. சூடு ஏறுவது குறைந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. அதற்கு நான் அதே சந்தில் தனியாக ஒரு உள் அட்டை வாங்கிப் போட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அட்டை போட்டால் ஷூ இறுகும், எனவே பழையதை உருவிவிட்டுப் போடுங்கள்.

புடவை கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். லேஸின் முடிச்சில் கொசுவம் மாட்டும். ஓடும்போது மாட்டினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். புடவையை வழக்கத்தைவிட இரண்டு விரல் உயர்த்திக் கட்டுங்கள், லேஸ் நுனியை ஷூவுக்குள் செருகுங்கள்.

மழையில் பிடிப்பு நன்றாக இருக்கிறது. கல் நடைபாதை, இரும்பு மூடி, வெள்ளைக் கோடு மூன்றிலும் வழுக்கவில்லை. வெள்ளைக் கோடுதான் மழையில் வழுக்குவதில் ராஜா, தெருவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் தேங்கினால் தோல் குடித்துவிடும். தியாகராய நகரில் வடகிழக்குப் பருவமழைக்குத் தண்ணீர் தேங்குவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நனைந்த ஷூவைக் கழற்றி உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தாலோ அடுப்புப் பக்கம் வைத்தாலோ தோல் வெடிக்கும். காய இரண்டு மூன்று நாள் ஆகும், டூட்டிக்கு லீவு கிடையாது. தீபாவளி நெருக்கத்தில் கூட்டமும் மழையும் சேர்ந்தே வரும். அந்த நாட்களில் பிளாஸ்டிக் செருப்புதான். அப்போது "மேடம்" எல்லாம் மறுபடி "ஏம்மா" ஆகிவிடும். மழைக்கு என்று இந்த ஷூவுக்கு மதிப்பெண் குறைக்கிறேன்.

குதிகால் வலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குகிற வலி. நாலு அடி நடந்தால் குறையும். எங்கள் வேலையில் பாதிப் பேருக்கு இது உண்டு. இந்த ஷூ அதைக் குணமாக்கவில்லை, எந்த ஷூவும் குணமாக்காது, குறைத்திருக்கிறது. உட்கார இடம் இருந்தால் இன்னும் குறையும். எதிரே இருக்கும் துணிக்கடையில் விற்பனைப் பெண்களுக்கு இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று கொண்டுவந்ததால் கிடைத்தது. அது கடைக்கும் நிறுவனத்துக்குமான சட்டம். நாங்கள் நிற்பது கடைக்கு வெளியே. அந்தப் பெண்களில் ஒருத்தி மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் "வாக்கா, கொஞ்சம் உக்காரு" என்று கூப்பிடுவாள். கழிப்பறைக்கும் அவள் தயவுதான். மாற்றி நிற்க ரிலீவர் வராத நாளில் அதுகூட முடியாது, அன்றைக்குத் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற சாமான்களைப் பற்றியும் கேட்பீர்கள். மினுக்கும் பட்டை வைத்த ஜாக்கெட் முழுக்கப் பாலியஸ்டர். வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத்தான் அது, உள்ளே இருக்கிற ஆளுக்கு வேர்க்குரு. தொப்பி சுமார். மெஷின் திரை வெயிலில் ஒன்றும் தெரியாது. முந்தானையை மேலே பிடித்து நிழல் கட்டித்தான் நம்பர் அடிக்கிறேன். ஸ்லிப் வரும் தாள் சூட்டில் கறுத்துவிடும் வகை. காரின் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போவார்கள், திரும்பி வந்தால் தாள் முழுக்கக் கறுப்பு, "எத்தனை மணிக்கு வந்தேன்னு எங்க இருக்கு, காட்டு" என்று சண்டை. நகரத்தில் பெரும்பாலான தெருக்களில் காருக்கு மணிக்கு 20, இரு சக்கர வண்டிக்கு 5 என்றுதான் மக்கள் மனதில் பதிந்திருக்கிறது. பாண்டி பஜார் போன்ற இடத்தில் அதைவிட அதிகம் என்றதும் என்னமோ நான் என் வீட்டுக்கு எடுத்துப்போகிற மாதிரி பேசுவார்கள். தாளைச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் குப்பை கொட்டுகிறவர்களைப் பிடிக்கப் போகும் குழுவில் இருக்கிறாள். அபராதம் போடுவது ஆய்வாளர், இவள் கூடப் போவாள், படம் எடுப்பாள், முகவரி கேட்பாள். பொது இடத்தில் குப்பை கொட்டினால் 500 என்று இருந்ததை 5,000 ஆக்கியதிலிருந்து ஏச்சும் பத்து மடங்கு என்கிறாள். இந்த ஷூவைப் பார்த்துவிட்டுத் தானும் வாங்கப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் நடப்பது காலி மனையிலும் கால்வாய் ஓரத்திலும். உடைந்த கண்ணாடி, ஆணி, கட்டட இடிபாடு. ரப்பர் சோல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஆணியை நிறுத்தாது. அவளுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்த பாதுகாப்பு ஷூதான் வேண்டும். அது பெண்கள் அளவில் கிடைக்கிறதா என்று பாயிடம் கேட்டேன். தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வேலைக்கு வரலாமா என்றும் சில தங்கச்சிகள் கேட்கிறார்கள். பரீட்சை கிடையாது. போக்குவரத்துப் போலீஸ் ஆக வேண்டும் என்றால் சீருடைப் பணியாளர் தேர்வு எழுத வேண்டும், சுகாதார ஆய்வாளருக்கு அதற்கென்று டிப்ளமோ படிக்க வேண்டும். இங்கே போன் மாதிரி மெஷினை ஓட்டத் தெரிந்து, சில்லறைக் கணக்கு தப்பாமல் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது வேலை இருக்குமா இருக்காதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேரும்போது சீருடை அழகைப் பார்க்காமல் இரண்டு விஷயம் கேளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண் வந்ததா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை வந்ததா. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ.க்குள் வருவீர்கள், உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், மீதியை முதலாளி கட்ட வேண்டும். குதிகாலுக்கு நான் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத்தான் போகிறேன். அட்டை இல்லாத பெண்கள் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வந்து நிற்கிறார்கள். சண்டை போடுகிறவரிடம் குரலை உயர்த்தாமல் பேசத் தெரிய வேண்டும். அது வராதவர்கள் முதல் மாதத்திலேயே போய்விடுகிறார்கள், நான் பார்த்தவரையில்.

ஷூவின் இப்போதைய நிலவரம்: இடது ஷூவின் வெளிப்பக்க விளிம்பு தேய்ந்திருக்கிறது, நான் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பேன் போல. முன்னால் பைக் ஸ்டாண்டு இடித்துத் தோல் கீறியது, பாலிஷ் போட்டால் தெரியவில்லை. தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை. ஒட்டு மட்டும் போட்ட ஷூவாக இருந்தால் இந்நேரம் வாயைப் பிளந்திருக்கும். சோல் முழுக்கத் தேய்ந்த பிறகு புதுச் சோல் மாற்றித் தைத்துத் தருவதாகப் பாய் சொன்னார், ஓரத் தையல் போட்ட ஷூவுக்குத்தான் அது முடியுமாம்.

ஐந்துக்கு நாலு. ஒன்று மழைக்காகக் குறைத்தது. போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்காகக் கடை அடைத்திருக்கும். சாயங்காலம் போனால் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக எடுக்க அதுதான் நல்ல நேரம். டூட்டி முடித்த கையோடு போங்கள். விலையை 950-க்கு மேல் கொடுக்காதீர்கள், பார்க்கிங் அக்கா சொன்னார் என்று சொன்னால் அவருக்குத் தெரியும்.